அழைத்தலும் அழுகுரலும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் பங்கின் அன்பியக் கூட்டம் ஒன்றில் மறைபரப்புப் பணியைப் பற்றிப் பேசும் வாய்ப்புக் கிட்டியது. கனடா நாட்டின் கியூபெக் நகரில் ஏறக்குறைய 33 ஆண்டுகள் உழைத்து, 1672ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அங்கேயே இறைவனடி சேர்ந்த ஒரு பெண்மணியின் வாழ்வை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். அவருடைய இயற்பெயர் மரி குயார். துறவறத்தில் அவர் ஏற்ற பெயர் மனுவுருவேற்பின் மரியா. இளமையிலேயே கணவரை இழந்தவர். கைக்குழந்தையைத் தனியே வளர்த்தவர். மகனுக்குப் பதினொரு வயதானபோது அவனை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டுக் கன்னியர் மடம் புகுந்தவர். பின்னர் கடல் கடந்து சென்று, அம்மண்ணின் பூர்வீகக் குடிகளின் பெண் பிள்ளைகளுக்குக் கல்வியும் மறையறிவும் புகட்டியவர். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். இவ்வளவையும் சொல்லி முடித்தேன்.

பாயில் அமர்ந்திருந்த ஒரு தாய் மெல்லக் கேட்டார்: "சாமி, அந்தப் பையன் என்ன ஆனான்?"

"அவனும் பிற்காலத்தில் துறவியாகி, குருவும் ஆனான் அம்மா" என்றேன். சிலர் நிறைவோடு தலையசைத்தனர். கேட்டவர் மட்டும் தலையசைக்கவில்லை.

"அது பிற்பாடு சாமி. அம்மா மடத்துக்குள்ள போன அன்னிக்கு ராத்திரி அவன் எங்க தூங்குனான்?"

எனக்கு உடனே விடை வரவில்லை. குருமடத்தில் இறையழைத்தலைப் பற்றி எத்தனையோ வகுப்புகள் கேட்டவன் நான். எத்தனையோ மறையுரைகள் ஆற்றியவன். ஆனால் அந்த வகுப்புகளிலும் மறையுரைகளிலும் அந்தச் சிறுவன் படுத்த இடத்தைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. அந்தத் தாயின் கேள்வி பல நாள்கள் என்னை விட்டு அகலவில்லை. அதனால் எழுந்த சிந்தனைகளை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகக் காண்போம். மரி குயார் பிரான்சு நாட்டின் தூர் நகரில் 1599ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் பிறந்தார். தந்தை ரொட்டி சுடும் தொழில் செய்தவர். பதினேழு வயதில், 1617இல், பட்டுத் தொழில் நடத்திய கிளோத் மார்த்தன் என்பவருக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். 1619 ஏப்ரலில் ஆண் குழந்தை பிறந்தது. தந்தையின் பெயரையே அதற்கும் இட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் கணவர் இறந்தார். மரிக்கு அப்போது இருபது வயது நிறையவில்லை. தொழில் நொடித்துப் போயிருந்தது. கடன்களும் வழக்குகளும் மட்டுமே மிஞ்சின. அவற்றையெல்லாம் தீர்த்துவிட்டுக் குழந்தையோடு தந்தையின் இல்லம் திரும்பினார். மறுமணம் செய்யுமாறு சுற்றத்தார் வற்புறுத்தினர், அவர் இணங்கவில்லை. பின்னர் தம் அக்காளின் வீட்டில் பணிவிடை செய்தார். அக்காளின் கணவர் லுவார் ஆற்றுவழியாகவும் சாலை வழியாகவும் சரக்குகளை அனுப்பும் பெருந்தொழில் நடத்தியவர். சமையற்கட்டில் தொடங்கிய மரி, காலப்போக்கில் அத்தொழில் முழுவதையும் கவனிக்கும் பொறுப்புக்கு உயர்ந்தார். வண்டியோட்டிகளிடையேயும் குதிரைகளிடையேயும் நின்று வேலை வாங்கினார். சில நாள்களில் நள்ளிரவு வரையிலும் படகுத்துறையிலேயே இருப்பார். இத்தனைக்கும் நடுவில் ஆழ்ந்த செப வாழ்வு அவருள் வளர்ந்துகொண்டே வந்தது. துறவறம் பூண வேண்டும் என்ற ஏக்கமும் கூடவே வளர்ந்தது.

இங்கு ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். என்றேனும் ஒரு நாள் மகனைப் பிரிய நேரும் என்று எண்ணி, அவன் சிறு குழந்தையாய் இருந்தபோதே அவனைக் கட்டியணைத்துக் கொஞ்சுவதை அவர் தவிர்த்தார். பிரியும் வேளையில் பிள்ளை அதிகம் துன்புறக் கூடாது என்பது அவருடைய எண்ணம். நினைத்தபடி நடக்கவில்லை. தாய் மடம் புகவிருந்த நாளுக்குச் சிறிது காலம் முன்பு, வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்பதை உணர்ந்த சிறுவன் ஓடிப்போனான். மூன்று நாள்கள் தேடினார்கள். இறுதியில் புளுவா நகரத்துப் படகுத்துறையில் கண்டுபிடித்தார்கள். ஆலயத்தில் காணாமற்போன இயேசுவை மரியன்னை தேடிய மூன்று நாள்கள் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அங்கே பிள்ளை தந்தையின் இல்லத்தில் இருந்தான். இங்கே பிள்ளைக்குத் தன் இல்லம் எதுவென்றே தெரியவில்லை.

1631ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், பவுலடியாரின் மனமாற்றத் திருநாளன்று, மரி குயார் தூர் நகரின் உர்சுலா சபைக் கன்னியர் மடத்தில் நுழைந்தார். மகன் அழுதுகொண்டே கூட நடந்து வந்தான். உயிரே உடலைவிட்டுப் பிரிவது போன்ற வேதனை தமக்கு உண்டானதாக அவர் பின்னாளில் எழுதினார். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. சில நாள்களில் சிறுவனின் பள்ளித் தோழர்கள் தடிகளையும் கற்களையும் எடுத்துக்கொண்டு கூட்டமாய் வந்து மடத்தின் வாயிலில் கூச்சலிட்டனர். அந்த இரைச்சலின் நடுவே, தன் தாயைத் திருப்பித் தருமாறு கேட்கும் தம் மகனின் குரலை அவர் தனியே இனம் கண்டார். திருப்பலி நேரங்களில் சிறுவன் கோவிலுக்கு வருவான். கன்னியர் நற்கருணை பெறும் கிராதியின் வழியாகத் தன் மேலாடையையோ தொப்பியையோ உள்ளே எறிவான். தான் நுழைய முடியாத இடத்துக்குள் தன் துணியாவது போகட்டும் என்று எண்ணினான் போலும்.

இதுவே நம்முன் நிற்கும் வழக்கு. இந்தச் செயலை எப்படி எடைபோடுவது? மூன்று வகையான மறுமொழிகளை நாம் வழக்கமாகச் சொல்கிறோம். மூன்றையும் ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

இறைவனின் அழைத்தல் எல்லா உறவுகளுக்கும் மேலானது என்பது முதல் மறுமொழி. மகனையோ மகளையோ தம்மைவிட மிகுதியாய் அன்பு செய்பவர் தமக்கு ஏற்றவர் அல்லர் என்ற கருத்தில் ஆண்டவர் பேசுவதை மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். அதை நீர்த்துப்போகச் செய்ய எனக்கு உரிமையில்லை. ஆனால் அதே ஆண்டவர் மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், பெற்றோருக்குரியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை வன்மையாகக் கடிந்துகொள்கிறார். 'கொர்பான்' என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் கடமை கரைந்துவிடும் என்று அவர்கள் எண்ணினர். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைப் பறிக்கக் கடவுளின் பெயரைப் பயன்படுத்தலாகாது என்றால், பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைப் பறிக்கவும் அப்பெயரைப் பயன்படுத்தலாகாது அன்றோ?

திருச்சபையின் மரபு இதை அறியாமல் இல்லை. புனித அக்குவினா தோமையார் தம் இறையியல் பெருந்தொகுப்பில் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்து ஆராய்கிறார். பிள்ளைகளைப் பேணும் பொறுப்பு உள்ளவர், அவர்கள் எப்படி வளர்க்கப்படுவார்கள் என்பதற்கு ஏற்பாடு செய்யாமல் துறவறம் புகுதல் முறையன்று என்பது அவர் தரும் விடை. தன் வீட்டாரைப் பேணாதவர் விசுவாசத்தையே மறுதலிக்கிறார் என்ற திமொத்தேயு முதல் திருமுகத்தின் போதனையை அவர் அங்கு சான்றாக்குகிறார். மரி குயார் இந்த விதியை மீறவில்லை. மகனை வளர்க்கும் பொறுப்பை அக்காளும் அவருடைய கணவரும் ஏற்றுக்கொண்ட பின்னரே மடம் புகுந்தார். பின்னர் சிறுவன் ரென் நகரில் இயேசு சபையாரின் பள்ளியில் பயில அனுப்பப்பட்டான். ஆகவே சட்டத்தின்படி குற்றமில்லை. ஆனால் உணவையும் உடையையும் கல்வியையும் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் தர முடியும். தாயை இன்னொருவர் தர முடியுமா? அன்பியத்தில் எழுந்த கேள்வி இந்த இடத்தைத்தான் தொட்டது.

விளைவைக் காட்டி நியாயம் சொல்வது இரண்டாவது மறுமொழி. மகன் கெட்டுப்போகவில்லையே, 1641இல் புனித ஆசீர்வாதப்பர் சபையில் சேர்ந்து, குருவாகி, சபையின் உயர்ந்த பொறுப்புகளை வகித்தாரே, அந்தப் பக்கம் கனடாவில் ஒரு திருச்சபையே வேரூன்றியதே என்போம். அன்று நான் சொன்னதும் இந்த விடைதான். இது எளிதில் ஆறுதல் தருவது. ஆனால் இடறு நிறைந்தது. பிள்ளை தவறான வழியில் போயிருந்தால் தாயின் அழைத்தல் பொய்யாகியிருக்குமா? நன்மை விளைந்ததால் முன் நேர்ந்த துன்பம் துன்பமல்லாமல் ஆகிவிடுமா? கடவுள் வளைந்த கோட்டைக்கொண்டும் நேராக எழுத வல்லவர் என்பது உண்மை. ஆனால் அது கடவுளின் வல்லமைக்குச் சான்றேயன்றி, கோடு வளையவில்லை என்பதற்குச் சான்றன்று.

காலத்தின் வழக்கத்தைக் காட்டுவது மூன்றாவது மறுமொழி. பதினேழாம் நூற்றாண்டின் பிரான்சில் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்புவதும், உறைவிடப் பள்ளிக்கு அனுப்புவதும், செல்வர் வீடுகளில் விடுவதும் இயல்பாக நடந்தவை. மரி குயாருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால், 1610இல், புனித ஷாந்தால் பிரான்சிஸ்கா துறவறத்துக்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது, அவருடைய பதின்வயது மகன் வாயிற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டதையும், அவர் அவனைத் தாண்டிச் சென்றதையும் வரலாறு சொல்கிறது. இதில் ஓரளவு உண்மை உண்டு. நம் காலத்து உணர்வுகளை அக்காலத்தவர்மேல் சுமத்துதல் நீதியாகாது. ஆனால் அந்தச் சிறுவன் நம் காலத்தவன் அல்லனே! அவன் தன் காலத்திலேயே, தன் காலத்து வழக்கங்களுக்கு நடுவிலேயே நின்று அழுதான். அவனுடைய தோழர்களும் அந்தக் காலத்தவர்களே. அவர்களுக்கும் அது அநீதியாகப் பட்டது. அதனால்தான் கல்லெடுத்தார்கள். உற்றார் உறவினரும் அவரைக் கல்நெஞ்சக்காரி என்று பழித்தனர்.

ஆக, மூன்று மறுமொழிகளும் போதவில்லை. அப்படியானால் மரி குயாரைக் குற்றவாளியாக்கிவிடலாமா? அதுவும் எளிது, ஆனால் அதுவும் நேர்மையாகாது. பிழைப்பைத் தேடியும் போருக்கும் தொலைநாடு சென்ற தந்தையரை யாரும் கொடியவர் என்பதில்லை. பெண் ஒருத்தி அழைத்தலின் குரலுக்குச் செவிசாய்த்தால் மட்டும் ஊர் எழுந்து நிற்கிறது. மேலும் அவர் சுகம் தேடிப் போகவில்லை. பாரம் தாங்காமல் தப்பியோடவுமில்லை. பதினோர் ஆண்டுகள் அந்த அழைத்தலோடு போராடியவர் அவர். தம் ஆன்மீக வழிகாட்டிகளிடம் ஆய்ந்து தெளிந்த பின்னரே அடியெடுத்து வைத்தார். அழைத்தல் மெய்யானது என்றே நானும் நம்புகிறேன். திருச்சபையும் அப்படியே நம்புகிறது.

அழைத்தல் மெய், அழுகுரலும் மெய். ஒன்றை ஏற்றுக்கொள்வதற்காக மற்றொன்றை மறுக்க வேண்டுவதில்லை. தொடக்க நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் மலையிலிருந்து தம் பணியாளரிடம் திரும்பி வந்ததைப் படிக்கிறோம். ஈசாக்கு இறங்கி வந்ததைப் பற்றி அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. தந்தையின் விசுவாசத்தைப் புகழ்ந்த நாம், கட்டப்பட்டுக் கிடந்த பிள்ளை அதன்பின் என்ன நினைத்தான் என்று கேட்பதில்லை. அந்தத் தாய் கேட்டது ஈசாக்கின் கேள்வியை.

அப்படியானால், அழைத்தலுக்குக் கீழ்ப்படிந்தவர் தம் கீழ்ப்படிதலால் பிறருக்கு நேர்ந்த காயத்தை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் மரி குயாரின் வாழ்வின் பிற்பகுதி எனக்குப் புதிதாய்ப் புலப்பட்டது. அவருடைய மேன்மை அவர் மகனைப் பிரிந்ததில் மட்டும் இல்லை. பிரிந்தபின் அந்தக் கடனை அவர் மறுக்காமல் சுமந்ததிலும் இருக்கிறது.

1639ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் தியெப் துறைமுகத்திலிருந்து அவர் கப்பலேறினார். அதற்குமுன், வழியில் ஓர்லேயான் நகரில் பயின்றுகொண்டிருந்த மகனைச் சந்தித்தார். அப்போது அவனுக்கு ஏறக்குறைய இருபது வயது. அதற்குப் பிறகு இருவரும் இம்மையில் சந்திக்கவேயில்லை. ஆகஸ்டு முதல் நாள் கியூபெக் சேர்ந்தார். அன்றைய கியூபெக் சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த ஒரு குடியேற்றம். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும். ஐரோப்பாவிலிருந்து கோடையில் மட்டுமே கப்பல்கள் வரும். ஆகவே தாய்க்கும் மகனுக்கும் இடையே கடிதம் ஆண்டுக்கொரு முறை வரும் பருவமழை போன்றது. இன்று கிடைத்துள்ள அவருடைய இருநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களில் பல மகனுக்கு எழுதியவை.

அக்கடிதங்களில் ஒரு வளர்ச்சியைக் காண்கிறேன். மகன் துறவறம் புகுந்த செய்தி கேட்டு 1641இல் எழுதியபோது, தாம் கைவிட்டது அவருக்கு நன்மையாகவே முடிந்ததல்லவா என்ற போக்கில் எழுதுகிறார். அன்பியத்தில் நான் சொன்ன அதே விடை! ஆனால் அவர் அதோடு நின்றுவிடவில்லை. 1647இல் எழுதிய கடிதத்தில் தொனி மாறுகிறது. தாய்மாரிலெல்லாம் கொடியவள் தாமே என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறார். மகன் பட்ட துன்பங்களுக்குத் தாமே காரணம் என்று ஏற்று, அவரிடம் மன்னிப்புக் கேட்கிறார். விளைவைக் காட்டித் தம்மைக் காத்துக்கொண்டவர், இப்போது அந்தக் காப்பைக் கைவிடுகிறார். கனடாவுக்கு வந்தது தவறு என்று அவர் சொல்லவில்லை. கடவுள் அழைத்தார் என்பதில் அவருக்கு ஐயமும் இல்லை. ஆயினும் மன்னிப்புக் கேட்கிறார். இரண்டும் ஒரே இதயத்தில் இருக்க முடியும் என்பதை இக்கடிதம் எனக்குக் கற்பித்தது.

அதன்பின் மகன் ஒன்று கேட்டார். தாயின் ஆன்மீக வாழ்வின் வரலாற்றை, கடவுள் அவரை நடத்திவந்த பாதையைத் தமக்கு எழுதித் தருமாறு கேட்டார். தாய் தயங்கினார். மகன் விடவில்லை. சிறுவயதில் தாம் கைவிடப்பட்டதை நினைவூட்டி, இதையாவது மறுக்கலாகாது என்று வாதாடினார். அன்று கிராதியின் வழியாகத் துணியை எறிந்த அதே பிள்ளைதான் இப்போது கடிதத்தின் வழியாகக் கதவைத் தட்டுகிறார். தாய் இணங்கினார். 1654இல் அவர் எழுதி அனுப்பிய அந்த வரலாறு, கத்தோலிக்க மறைஞானிகளின் எழுத்துக்களில் உயர்ந்த இடம் பெற்றிருக்கிறது. எவருக்கும் திறக்காத உள்ளறையை மகனுக்குத் திறந்தார் என்றே சொல்லலாம். அணைப்பை மறுத்த தாய், தம்மிடம் இருந்தவற்றிலெல்லாம் ஆழமானதை அவனுக்குக் கொடுத்தார்.

இதனிடையே கியூபெக்கில் அவருக்கு வேறொரு பாடமும் நடந்துகொண்டிருந்தது. வந்த முதல் குளிர்காலத்திலேயே அம்மை நோய் பரவியது, துறைமுகத்தருகே இருந்த சிறு வீடு மருத்துவமனையாயிற்று, பிள்ளைகளைத் தரையில் கிடத்திப் பேணினர், சிலர் இறந்தனர். 1650 டிசம்பர் இறுதியில் மடம் முழுவதும் எரிந்து சாம்பலானது, மீண்டும் கட்டினார். நாற்பது வயதில் அல்கோங்கின், மொந்தாஞே மொழிகளைக் கற்கத் தொடங்கியவர், பின்னர் ஹூரோன் மொழியையும், முதுமையில் இரோக்குவா மொழியையும் கற்று, அகராதிகளும் மறைக்கல்வி நூல்களும் ஆக்கினார். ஆனால் அந்தப் பெண் பிள்ளைகளைப் பிரெஞ்சுக்காரர்களைப் போல ஆக்கிவிட வேண்டும் என்ற அரசின் விருப்பம் நிறைவேறவில்லை. 1668இல் அதை வெளிப்படையாகவே எழுதினார். மடத்தில் அடைபட்டால் பிள்ளைகள் மனம் வாடிப்போகிறார்கள். வேலியேறிக் குதித்துக் காட்டுக்கு ஓடுகிறார்கள். அவர்களுடைய பெற்றோரோ தங்கள் பிள்ளைகள் வாடுவதைப் பொறுப்பதில்லை. அவர்களைத் திருப்பி அழைத்துச் செல்கிறார்கள். நூறு பேரில் ஒருவரைக்கூட மாற்றுவது அரிது என்பதே அவர் கண்டது.

இதைப் படித்தபோது நான் சற்றே நிறுத்தினேன். தாயைத் தேடி ஓடிய ஒரு பிள்ளையின் தாய், தாயைத் தேடி ஓடும் பிற பிள்ளைகளை அந்த வேலியருகே கண்டார். அவர்களைக் கட்டிவைக்கவில்லை, போகவிட்டார். பின்வந்த நூற்றாண்டுகளில் கனடாவின் அரசும் திருச்சபை நிறுவனங்களும் அவ்வாறு போகவிடவில்லை என்பது வரலாறு. பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளின் உறைவிடப் பள்ளிகளில் பூர்வீகக் குடிகளின் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். தம் மொழியையும் மரபையும் இழந்தனர். பலர் வீடு திரும்பவேயில்லை. 2022ஆம் ஆண்டு சூலை மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவுக்குத் தவப்பயணம் சென்று, அம்மக்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். நற்செய்தி அறிவித்தல் நல்லது என்பதால் பிள்ளைகளின் அழுகுரலைக் கேளாதிருந்தது நல்லதாகிவிடவில்லை. மரி குயார் தம் மகனிடம் செய்ததைத் திருச்சபை ஒரு மக்களினத்திடம் செய்ய வேண்டியதாயிற்று. கடவுளின் பணியைச் செய்தவர்களும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவர்களே.

1672இல் அன்னை மரியா இறந்தார். மரணப் படுக்கையில் மகனைப் பற்றிக் கேட்டபோது, அவரைத் தம் இதயத்தில் சுமந்தே விண்ணகம் செல்வதாகச் சொல்லச் சொன்னார். அதன்பின் மகன் செய்தது வியப்புக்குரியது. தாயின் எழுத்துக்களைத் திரட்டினார். 1677இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1681இல் கடிதங்களை அச்சிட்டார். 1696இல் தாம் இறக்கும் முன் அவர் செய்த பெரும்பணி அது. அந்த வரலாற்றில் தாயைப் புகழ்கிறார். ஆனால் தம் கண்ணீரை மறைக்கவில்லை. ஓடிப்போனதும், தோழர்கள் கூச்சலிட்டதும், துணியை எறிந்ததும் நமக்குத் தெரிவதற்கு அவரும் அவர் திரட்டிய தாயின் எழுத்துக்களுமே காரணம். புனிதையின் வரலாற்றில் அவற்றை விட்டுவிட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் விடவில்லை. கைவிடப்பட்ட பிள்ளையே தாயை நமக்குக் கையளித்திருக்கிறார். காயத்தோடு சேர்த்தே கையளித்திருக்கிறார். நினைவுகூர்தல் என்றால் இதுவே என்று எண்ணுகிறேன். நாமோ நம் பங்குகளில் இறந்தவர்களை நினைவுகூரும்போது, நல்லவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துச் சொல்லி, உடனிருந்தவர்களின் துன்பத்தைத் துடைத்துவிடுகிறோம்.

இதெல்லாம் துறவிகளுக்கும் மறைபரப்பாளர்களுக்கும் உரியது என்று பொதுநிலை அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். பங்குப் பேரவை, பக்தசபைகள், பாடகர் குழு, தர்மப் பணிகள் என்று மாலை தோறும் கோவிலில் இருக்கும் நல்லவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இல்லாமல் பங்கு நடக்காது. ஆனால் அவர்களில் சிலருடைய பிள்ளைகள் இரவு உணவுக்குத் தந்தை வருவாரென்று காத்திருந்து உறங்கிப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 'கோவில் வேலை' என்று சொல்லிவிட்டால் வீட்டில் யாரும் கேள்வி கேட்க முடியாது. அந்தச் சொல்லும் ஒரு கொர்பான் ஆகிவிடலாம். பணியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. உங்கள் பணிக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்று பாருங்கள். அந்த விலையைக் கடன் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்களிடம் அதை வாய்திறந்து சொல்லுங்கள் என்கிறேன்.

பிறருக்குச் சொல்லும் நான் என்னையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பதினாறு வயதில் நான் குருமடம் சென்றபோது, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்தவர் என் தாய். பேருந்து புறப்பட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்; அப்படி நினைப்பது எனக்கு வசதியாய் இருந்தது. குருப்பட்ட நாளில் எல்லாரும் அவரைப் பேறுபெற்றவர் என்றார்கள். நானும் என் நன்றியுரையில் அப்படியே சொன்னேன். அன்றிரவு நீங்கள் தூங்கினீர்களா அம்மா என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

அன்பியக் கூட்டத்தில் கேட்ட அந்தத் தாயை அண்மையில் மீண்டும் சந்தித்தேன். "அம்மா, அன்று நீங்கள் கேட்டதற்கு இப்போது விடை சொல்கிறேன். அவன் பெரியம்மாவின் வீட்டில்தான் உறங்கியிருப்பான். ஆனால் அம்மா இல்லாத வீட்டில் உறங்கினான். அவனுடைய அம்மா அதை மறக்கவில்லை, பின்னாளில் அவனிடம் மன்னிப்புக் கேட்டார்" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மன்னிப்புக் கேட்டாங்களா சாமி? அப்ப அவங்க புனிதைதான்" என்றார்.

ஏப்ரல் 30ஆம் நாள் திருச்சபை மனுவுருவேற்பின் புனித மரியாவை நினைவுகூர்கிறது. அன்று அவருடைய பரிந்துரையை வேண்டும்போது, மடத்தின் வாயிலில் நின்ற அந்தப் பதினொரு வயதுச் சிறுவனையும் நினைத்துக்கொள்வோம். பிறகு நம் வீட்டில், நம் பணிக்காக, நாம் கேளாமல் விட்ட அழுகுரல் எது என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.